ஐயாற்று மீனுக்குக் காவல் யார்?

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. கோயிலைத் தாண்டியதும் ஆகாயகங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. கோயிலருகே அந்த ஆற்றின் மீனை யாரும் பிடிப்பதில்லை. முன்பொரு காலத்தில் பிடித்து, அறுத்து, குழம்பில் இட்ட மீன் துண்டுகள் பொருந்தி உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளிவிட்டன என்பது தலக்கதை. அறுத்த மீனைப் பொருத்திய பெருமான் என்றே இறைவனுக்கு ஒரு புகழ் உண்டு. ஆடிப்பெருக்குக்கு மலையேறி வரும் கூட்டம் ஆற்றில் நீராடி, மீனுக்கு இரை போட்டு வணங்கிச் சன்னிதிக்குப் போகிறது. வனத்துறையும் மீன்வளத்துறையும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே நிலைபெற்றுவிட்ட காவல் இது. இந்தக் காவலின் வேர் எது? தெய்வத்தின் மேலுள்ள அச்சமா, அன்பா, அல்லது ஊரார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடா? மீன்வளத்தைப் பலரும் சேர்ந்து நிர்வகிப்பது பற்றி உலகெங்கும் அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தச் சமயக் கேள்வி புதிய கூர்மை பெறுகிறது. அந்த ஆய்வுகள் இதற்குப் பாதி விடையைத் தருகின்றன. மீதி விடை ஐயாற்றங்கரையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனிதனின் ஆசையை எது கட்டும் என்பதில் பழைய சிந்தனைக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று அரசனின் கோல், மற்றது தெய்வத்தின் கண். இரண்டுமே மேலிருந்து வரும் அச்சம். 1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த எண்ணத்துக்கு அறிவியல் உடை போர்த்தியது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தனக்கு ஒரு மாடு கூடுதலாக விடவே பார்ப்பார்கள். கூடுதல் மாட்டின் லாபம் ஒருவருக்கு, அழிவு எல்லோருக்கும். ஆகவே பொதுவில் உள்ளது அழிந்தே தீரும் என்றார் அவர். கடல் மீனையும் அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறந்தன. பொதுவைத் தனிச்சொத்தாகப் பிரித்துக் கொடு, அல்லது அரசிடம் ஒப்படை. பல நாடுகளின் மீன்வளக் கொள்கை இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடியது. ஆற்றையும் களப்பையும் கடலையும் நம்பி வாழ்ந்த மக்கள், காக்க வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து நீங்கி, கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலுக்கு மாறினார்கள். அறம் மக்களுக்குள் இல்லை, வெளியிலிருந்துதான் புகட்ட வேண்டும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. சமய மொழியில் சொன்னால், இது மனிதனைப் பற்றிய ஓர் அவநம்பிக்கை.

இந்த அவநம்பிக்கையை உடைத்தவை பெரும்பாலும் மீனவர் ஊர்கள். துருக்கியின் அலான்யா கடற்கரையில் ஏறத்தாழ நூறு மீனவர்கள் நல்ல மீன்பிடி இடங்களுக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். 1970களில் அவர்களே கூடி இடங்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிட்டு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி, ஜனவரி வரை நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்வது, பிறகு மே வரை மேற்கே நகர்வது என்று முறை வகுத்தார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒரு நாள் வந்தது. தன் முறை வரும் நாளில் யாரும் தன் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதால், காவலும் தானாகவே அமைந்தது. ஃபிக்ரெட் பெர்க்கஸ் ஆராய்ந்த இந்த ஊரை எலினார் ஆஸ்ட்ரம் பொதுவளங்கள் பற்றி 1990இல் வெளியிட்ட தம் நூலில் முன்னிறுத்தினார். நம் பழவேற்காடு ஏரியின் பாடு முறையும் இதே இனம்தான். இறால் பிடிக்கும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வது அங்கே பல தலைமுறைப் பழக்கம். சோழமண்டலக் கரையின் மீனவரான பட்டினவரின் ஊர்ப் பஞ்சாயத்துகள் தீங்கான வலைகளைத் தாமே தடைசெய்து நடைமுறைப்படுத்தியதை நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் விரிவாகப் பதிவு செய்தார். யார் உறுப்பினர் என்ற தெளிவு, இடத்துக்கேற்ற விதி, விதி செய்வதில் பயனாளிகளின் குரல், தம்முள்ளேயே கண்காணிப்பு, சிறுகச் சிறுக ஏறும் தண்டனை, சச்சரவு தீர்க்க எளிய இடம், இவற்றை அரசு அங்கீகரிப்பது: நீடித்து நிற்கும் ஏற்பாடுகளில் இவை பொதுவாக இருப்பதை ஆஸ்ட்ரம் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 2011இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று 44 நாடுகளின் 130 கூட்டு மேலாண்மை மீன்பிடிப்புகளை ஒப்பிட்டு, வலுவான உள்ளூர்த் தலைமையும் ஊரின் ஒற்றுமையும் வெற்றிக்கு முதன்மையான காரணங்களுள் நிற்பதைக் கண்டது. மனிதன் தானே தன் ஆசைக்கு எல்லை வகுத்துக்கொள்ள முடியும், ஆனால் தனியாக அல்ல, கூடித்தான் முடியும். இதுவே இந்த ஆய்வுகளின் சாரம். அச்சத்தை மட்டுமே நம்பிய பழைய விடைக்கு இதைவிடப் பலமான மறுப்பு இல்லை.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. விதி செய்யக் கூடியவர்கள் விதியை மாற்றவும் கூடலாம். எல்லோரும் ஒப்புக்கொண்டு ஆற்றை அழித்தால்? 1973இல் கனடாவின் கணிதவியலாளர் காலின் கிளார்க், அதே ‘சயன்ஸ்’ இதழில், இந்த இடத்தில் நம்மைத் திடுக்கிட வைக்கும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். நீலத் திமிங்கிலம் மெதுவாகப் பெருகும் உயிர். அது ஆண்டுதோறும் பெருகும் வீதம் பணத்தின் வட்டி வீதத்தைவிடக் குறைவாக இருந்தால், லாபம் ஒன்றையே குறியாகக் கொண்டவருக்குச் சிக்கனமான வழி, இருக்கிற திமிங்கிலத்தை எல்லாம் இப்போதே பிடித்து விற்றுப் பணத்தை முதலீடு செய்வதுதான். போட்டிக்கு யாருமே இல்லாத ஒற்றை உரிமையாளருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஹார்டின் பயந்தது ஒழுங்கில்லாத கூட்டத்தைக் கண்டு. கிளார்க் காட்டியதோ ஒழுங்கான, அறிவார்ந்த, நன்கு கணக்கிடப்பட்ட அழிவை. கூட்டு மேலாண்மையும் கணக்கை மட்டுமே அடித்தளமாகக் கொண்டால் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. நூறு பேர் சேர்ந்து போடும் கணக்கும் கணக்குதான். எந்தப் பேரத்துக்கும் வராத ஓர் எல்லைக்கோடு எங்கோ இருந்தாக வேண்டும். ஐயாற்றின் மீன் அந்தக் கோட்டின் அப்பால் இருக்கிறது. அதற்கு விலை இல்லை. விலை இல்லாததால் அதை வட்டியோடு ஒப்பிட முடியாது. புனிதம் என்று மனிதர்கள் சொல்வதன் அறிவுபூர்வமான உள்ளடக்கம் இதுவே என்று நான் கருதுகிறேன்: சிலவற்றை விலை பேசும் வட்டத்துக்கு வெளியே நிறுத்துவது என்று ஒரு சமூகம் கூட்டாக எடுத்துக்கொண்ட விரதம்.

கூட்டாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தெய்வத்தின் மீன் என்றால் அது யாருடைய மீனும் அல்ல. ஆகவே ஊரில் பெரியவர் சின்னவர் என்ற வேறுபாடின்றி யாரும் அதற்கு உரிமை கோர முடியாது. அதற்குத் தீங்கு நேர்ந்தால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். இந்த விரதம் எப்போதும் பிடிக்காதே என்ற வடிவில்தான் வரும் என்பதும் இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசியதும் சுற்று வட்டாரமே ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாக இறங்குகிறது. அது வரை கை வைப்பதில்லை. பிடித்ததை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பதும் உறவுகளுக்குக் கொடுப்பதுமே வழக்கம். சாதியும் மதமும் பாராமல் எல்லோரும் இறங்கும் நாள் அது. மேலே கொல்லிமலையில் தெய்வத்தின் பெயரால் யாரும் தொடுவதில்லை. கீழே கண்மாயில் தெய்வத்தின் பெயரால் எல்லோரும் ஒரே நாளில் தொடுகிறார்கள். வடிவம் வேறு, உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்று: இது சந்தைக்கு உரியதன்று, ஒருவருக்கு உரியதன்று. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டுத் தம் வலையிடங்களைப் பகிர்ந்துகொள்வதும், கன்னியாகுமரிக் கரையில் ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காததும் இந்த எண்ணத்துக்குத் தொலைவில் இல்லை. ஆய்வுகள் சமூக மூலதனம், நம்பிக்கை என்ற பெயர்களில் அளந்து சொல்லும் பொருளின் பெரும்பகுதி, மக்களின் வாழ்வில் வழிபாடாகவே இருக்கிறது.

பகுத்தறிவு நோக்கிலிருந்து இதற்கு ஒரு மறுப்பு எழும், அதில் நியாயமும் உண்டு. மீன் பெருகட்டும் என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாட்டைத்தான் கதையாக்கி வைத்தார்கள். இப்போது நமக்கு மீனின் சினைக்காலமும் இனப்பெருக்கமும் தெரியும். கதையை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பது அந்த மறுப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடையை அரசு எந்தத் தலக்கதையும் இல்லாமல்தானே நடத்துகிறது என்றும் கேட்கலாம். தடைக்காலம் நல்ல ஏற்பாடு, வேண்டியதே. ஆனால் அது முடியும் நாளில் துறைமுகங்கள் எப்படிக் காத்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து விதித்த எல்லை நாட்காட்டியோடு முடிந்துபோகிறது. பாக் நீரிணையில் இழுவைமடி அடித்தளத்தையே வாரிக்கொண்டு போனதற்குக் காரணம் மீனின் சினைக்காலம் தெரியாமை அல்ல. எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது. அறிவு எல்லையைக் காட்டும். எல்லையில் நிற்கும் மனத்தை அறிவு மட்டும் தராது. அந்த மனம் எல்லோருக்கும் சைவத்திலிருந்தோ கிறிஸ்தவத்திலிருந்தோதான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடவுளை ஏற்காதவரும் சிலவற்றை விற்கமாட்டேன் என்று உறுதிகொள்ள முடியும். ஆனால் அந்த உறுதியும் பலன் கருதாத உறுதியாக இருந்தால்தான் பலன் தரும். லாபம் இருக்கும்வரை மட்டும் காப்பேன் என்பது காவல் ஆகாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து, பக்தரிடமிருந்து வரும் மறுப்பு வேறு. இறைவனின் மீனை மேலாண்மை, நிறுவனம் என்று பேசுவதே அதைச் சிறுமைப்படுத்துகிறது. அவன் மீனை அவன் காப்பான். நமக்கு ஏன் சங்கமும் விதியும் என்பார். இந்த நம்பிக்கையின் ஆழத்தை மதிக்கிறேன், ஆனால் உண்மை நிகழ்வுகள் இதற்கு இடம் தரவில்லை. கர்நாடகத்தின் சிசிலா கோயிலில் கபிலா ஆற்று மீன்களும் இப்படியே தெய்வ மீன்கள்தாம். 1996இல் யாரோ ஆற்றில் நஞ்சு கலந்ததில் அவை பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. கங்கையின் தூய்மையில் கோடிக்கணக்கானோர் வைத்த நம்பிக்கை அதில் சாக்கடை கலப்பதைத் தடுக்கவில்லை. புனிதம் படித்துறையில் முடிந்துவிடுகிறது, ஆறு முடிவதில்லை என்பதே காரணம். கொல்லிமலையிலும் இதே இடைவெளி தெரிகிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. சரிவில் கிழங்கைத் தோண்டி எடுத்த மண் மழையில் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐயாற்றுக்கு நீர் தரும் ஓடைகளைத் தடுத்துத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் புனல் மின் திட்டம் வந்தபோது, ஆகாயகங்கை வறண்டுவிடுமோ என்ற அச்சம் மலையில் எழுந்தது. படித்துறையில் பொரி இடும் பக்தருக்கு இந்த முடிவுகளில் குரல் இல்லை, தலக்கதைக்கும் இல்லை. மீனைத் தொடாத விரதம் நீரைத் தொடும் திட்டத்தின் முன் ஊமையாகிவிடுகிறது. அந்த விரதத்துக்கு வாயும் கையும் தருவது கூடிப் பேசும் சபை, எழுதிய உரிமை, கண்காணிக்கும் ஆட்கள், மேலே உள்ள அரசின் அங்கீகாரம். ஆஸ்ட்ரம் கண்டு சொன்னவை இவைதாம். பக்தி இவற்றைச் சிறுமை என்று ஒதுக்கினால், தான் வணங்கும் உயிரைத் தானே கைவிட்டதாக ஆகும்.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. நீதியின் பெயரால் வருவது. ஊர் என்று சொல்லும்போது எந்த ஊர், யாருடைய ஊர்? பழவேற்காட்டின் பாடு முறை உள்ளே இருப்பவர்களுக்குள் சமமாகப் பங்கிடுகிறது; ஆனால் உள்ளே வரும் வாசல் பிறப்பால் அமைந்தது. அதற்கு வெளியே நிறுத்தப்பட்ட மீனவர்களின் நிலையை சாரா குல்தார்டின் ஆய்வு எடுத்துக்காட்டியிருக்கிறது. தலைக்கட்டு என்றால் ஆண். மீனை விற்று வீட்டை நடத்தும் பெண்ணுக்குப் பல ஊர்க் கூட்டங்களில் இருக்கை கிடையாது. ஐந்து நாடுகளின் 42 பவளப்பாறை மீன்பிடிப்புகளை ஒப்பிட்டு ஜோஷுவா சின்னரும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டு மேலாண்மை பல இடங்களில் பயன் தந்தாலும் வசதி படைத்தவர்களுக்கே கூடுதல் பயன் போவதைக் கண்டது. தெய்வத்தின் பெயரும் இப்படியே பயன்பட்டிருக்கிறது; கோயில் குளத்தின் நீரை மனிதருக்கே மறுத்த நாடு இது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் என் வாதம் விழவில்லை, மாறாகத் திருந்துகிறது. யாருக்கும் உரியதன்று என்று சொல்லப்பட்டதை ஒரு சிலர் தமக்குரியதாக்கிக்கொள்ளும்போது முதலில் மீறப்படுவது அந்தப் புனிதமே. ஒரு பொதுவளம் எவ்வளவு புனிதமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு உரைகல், கூட்டத்தின் கடைசி ஆளுக்கு அதில் கிடைக்கும் பங்கு. இந்தக் குறையை வெளியே கொண்டுவந்தது ஆய்வுதான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மரபு தன் குறையைத் தானே காண்பது அரிது; அதற்கு வெளியே நின்று எண்ணிப் பார்க்கும் ஒரு கண் வேண்டும்.

ஆகவே ஆய்வுக்கும் ஒரு கடமை எழுகிறது. கூட்டு மேலாண்மை ஆய்வின் தாக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கின்றன. அந்த அளவையில் இத்துறை பெருவெற்றி பெற்றது. அறிவுலகத்துக்கு வெளியேயும் அதன் தடம் உண்டு. 2014இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஏற்ற சிறுதொழில் மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகள், மீனவ சமூகங்கள் தம் வளத்தின் நிர்வாகத்தில் பங்கேற்பதை வலியுறுத்துகின்றன. அந்த நெறிகள் சென்னையிலிருந்து இயங்கும் மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பின் செயலாளராக இருந்து, அதே ஆண்டு காணாமற்போன மலேசிய விமானத்தில் பயணம் செய்த சந்திரிகா சர்மாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. ஆனால் எல்லா மேற்கோள்களுக்கும் அடியில் இருப்பது மீனவரின் அறிவு. சீட்டுப் போடும் முறையை வகுத்தவர்கள் அவர்கள்; அதை ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்றவர்கள் வேறு. அறிவும் ஒரு பொதுவளம் என்று ஆஸ்ட்ரமே பிற்காலத்தில் வாதிட்டார். பொதுவளத்திலிருந்து எடுத்தவர் திருப்பித் தரவும் வேண்டும் என்பது எல்லா ஊர்க் கட்டுப்பாட்டிலும் உள்ள விதி. கொல்லிமலையிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களிடமிருந்து சிறுதானிய அறிவைக் கற்று எழுதியதோடு நிற்காமல், விதை வங்கிகளும் அரைவை இயந்திரங்களும் மகளிர் குழுக்களுமாக அதை மலைக்கே திருப்பிக் கொண்டுவர முயன்றது. ஆற்றுக்கும் மீனுக்கும் அத்தகைய ஆய்வு வர வேண்டும். ஐயாற்றில் எந்தெந்த மீன் வாழ்கிறது, கோடையில் அவற்றுக்கு எவ்வளவு நீர் வேண்டும், மண்ணும் உரமும் குப்பையும் என்ன செய்கின்றன என்பதை மலை மக்களோடு சேர்ந்து கண்டறிந்து, தமிழில் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். படிப்பவர்களின் வாழ்வில் அது செய்யும் வேலையே ஆய்வின் உண்மையான தாக்கம்.

இதற்கு வேண்டிய சட்டமும் நம் கையில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மீன் உள்ளிட்ட நீர்நிலை வளங்களின் மேல் சமூக உரிமையை வெளிப்படையாகச் சொல்கிறது. மரபாகக் காத்துவந்த வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையைச் சமூகத்துக்கும், அதற்கான அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தருகிறது. பட்டியல் பழங்குடிகளான கொல்லிமலையின் மலையாளி மக்களுக்கு இது பொருந்தும். ஐயாற்றின் ஊற்றுக்கண் முதல் ஆகாயகங்கை வரை உள்ள ஊர்களின் சபைகள், பெண்களும் நிலமற்றவர்களும் சமமாக அமர்ந்து, ஆற்றைப் பற்றிய முடிவுகளை எடுக்கட்டும். அரசு அதை மதித்து ஏற்கட்டும். ஆய்வாளர்கள் அந்தச் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருக்கட்டும். ஆடிப்பெருக்குக்கு மலையேறும் பக்தர்கள் மீனுக்கு இரை போடுவதோடு, அந்த மீனுக்கு நீர் வர வேண்டும் என்று கேட்கும் மலைமக்களின் பக்கமும் நிற்க வேண்டும். படித்துறையளவில் நிற்கும் விரதம் பாதி விரதம்தான். ஆறு முழுவதற்கும் அது நீளும்போதே அறப்பளீஸ்வரருக்குச் செய்யும் வழிபாடு முழுமை பெறும்.